செயலாளர் அழுத்திய ‘இல்லை’

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிவரை தன் மனைவி மின்னஞ்சலில் வந்த அந்த இணைப்பைத் திறக்கக் கூடாது என்று அம்புறோஸ் தீர்மானம் எடுத்தார். முன்மொழிந்தவர் அம்புறோஸ். வழிமொழிந்தவரும் அம்புறோஸ். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. முப்பது வருடமாக அவர் கொண்டுவந்த தீர்மானங்களில் இவ்வளவு ஒற்றுமையாக நிறைவேறியது இது ஒன்றுதான்.

கரம்பொன் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கமொன்றின் செயலாளர் அவர். துண்டுப்பிரசுரம் எழுதியே நரைத்தவர். படித்ததும் துண்டுப்பிரசுரத்தில்தான். வலைக்கு வரி, கரைக்கு வேலி, கடலுக்குப் பாஸ் என்று வந்த எல்லாவற்றையும் எதிர்த்தார். மூன்று தடவை உள்ளே இருந்துவிட்டு வந்தார். ‘பெண் விடுதலையின்றிக் கரையோர விடுதலை இல்லை’ என்று எண்பத்திரண்டில் எட்டுப் பக்கம் எழுதி, அச்சுப்பிழை பார்க்கும்படி மனைவி அஞ்சலாவிடம் கொடுத்தார். அவள் ஆறாம் பக்கத்தில் நின்றபோது, தேத்தண்ணி இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டார்.

இப்போது இரண்டாயிரத்து நாலு, ஆவணி. சண்டை ஓய்ந்திருந்தது. மாநாடுகள் பெருகியிருந்தன. தென்னாசியச் சிறு மீனவர் மாநாடு ஒன்று காத்மாண்டுவில் நடக்கவிருந்தது. நேபாளத்தில் கடல் இல்லை. மீனவரைப் பற்றி நிம்மதியாகப் பேச அதுவே தோதான இடம் என்று அமைப்பாளர்கள் நினைத்திருக்க வேண்டும். அம்புறோஸ் விண்ணப்பித்தார். படிவம் ஒரு பெண்ணின் பெயரையும் கேட்டது. இடம் வெறுமையாக இருக்கக் கூடாதே என்று, கருவாட்டுப் பெண்கள் குழுவின் தலைவி என்று அஞ்சலாவின் பெயரை அவரே எழுதினார்.

பதில் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு வந்தது. தெரிவானவர் அஞ்சலா. காத்திருப்போர் பட்டியலில் முதலாவது அம்புறோஸ். இரண்டாவது, மண்டைதீவுச் சங்கத்துத் தம்பிஐயா. அம்புறோஸ் கறுப்புக்கொடி பிடித்த அதே அமைச்சருக்கு மாலை போட்ட மனிதர். கீழே ஒரு இணைப்பு. வெள்ளி நாலு மணிக்குள் அதைத் திறந்து வருகையை உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

அடுத்தவர் அம்புறோஸ்.

திங்கட்கிழமை புருஷனும் பெண்சாதியும் சங்கக் கணினிக்கு முன்னால் இருந்தார்கள். இணைப்பை அழுத்தியதும் திரையில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெட்டி வந்தது.

“என்னப்பா உது?”

“எச்சரிக்கை.”

“என்னவாம்?”

அஞ்சலாவுக்கு ஆங்கிலம் வராது. அம்புறோசுக்கு அகராதி பக்கத்தில் இருந்தால் வரும்.

“இந்தத் தளத்தின்ர பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாம். இல்லாட்டி இன்னும் செல்லுபடியாகேல்லையாம். மேற்கொண்டு போறீரோ எண்டு கேக்குது.”

“ஓம் எண்டு அழுத்துங்கோவன்.”

“ஓம் எண்டோ?” அம்புறோஸ் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். “வாசியாமல் ஓம் எண்டு சொல்லித்தான் இந்தச் சனம் நாசமாப் போனது!”

‘இல்லை’யை அழுத்தினார். பெட்டி மறைந்தது. அன்றைக்கு அவர் உண்மையாகவே பயந்திருந்தார். அந்த ‘இல்லை’யில் கபடம் இல்லை.

கபடம் பின்னேரம் பிறந்தது. தனியே இருந்து கடற்றொழில் திணைக்களத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் அடித்தார். கடிதத்தின் தலைப்பில் கணினி தானாகவே திகதி போட்டது. 1998, தை முதலாம் திகதி. கணினிக்குள் இருந்த பொத்தான் பற்றறி செத்துப்போயிருந்தது. ஞாயிறு மின்சாரம் நின்றபோது அது ஆறு வருடம் பின்னுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அம்புறோஸ் கணினியின் திகதியைத் திருத்தினார். என்னவோ தோன்றி, இணைப்பை மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

முக்கோணம் இல்லை. பெட்டி இல்லை. பக்கம் அகலத் திறந்தது. ‘உறுதிப்படுத்துகிறேன்’ என்ற பச்சைப் பொத்தான் அவரைப் பார்த்தபடி நின்றது.

ஒரு அழுத்து. அஞ்சலா காத்மாண்டுவில். அவர் கரம்பொன்னில், சோற்றுப் பானைக்கு முன்னால்.

முப்பது வருடம் தொண்டை கிழியக் கத்தினவர் ஆர்? அடி வாங்கினவர் ஆர்? காத்மாண்டுவில் மேடை ஏறப்போறது கருவாடோ? அம்புறோஸ் பக்கத்தை மூடினார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, தேசத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்று ஆட்சியாளர்களை வாழ்நாள் முழுவதும் திட்டிய மனிதர், தன் கையாலேயே கணினியை ஆறு வருடம் பின்னுக்குத் தள்ளினார்.

சங்கத்தில் தட்டெழுதும் நிமலினிக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும். நல்லகாலம், அவள் அந்தக் கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தாள்.

செவ்வாய் அஞ்சலா வரவில்லை. கருவாட்டுக்கு உப்பு எடுக்க யாழ்ப்பாணம் போய்விட்டாள். புதன் வந்தாள். முக்கோணமும் வந்தது.

“இண்டைக்கு என்னவாம்?”

“சான்றிதழ் இல்லாத தளத்துக்குள்ள போற ஆக்களின்ர பேர் விபரம் நேரா வேற இடத்துக்குப் போகுமாம்.”

“எந்த இடத்துக்கு?”

“எழுதேல்லை. எழுதுவாங்களோ?”

வியாழன் எச்சரிக்கை இன்னும் கடுமையாகியிருந்தது.

“போனா திரும்பி வர ஏலாமலும் போகலாமாம்.”

அஞ்சலா திரையை உற்றுப் பார்த்தாள். “இவ்வளவும் அந்த ரெண்டு வரிக்குள்ளயோ கிடக்கு?”

“ஆங்கிலம் சுருக்கமான மொழி.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அகராதியைப் பார்த்தார். எழும்பிப் போய்விட்டாள். புதன்கிழமையே மாநாட்டுக்காரரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சலும் வந்து கிடந்தது. நினைவூட்டலாக்கும் என்று அம்புறோஸ் அதைத் திறக்கவேயில்லை. இரவெல்லாம் காத்மாண்டு உரையின் முதல் வசனத்தைத் திருத்திக்கொண்டு கிடந்தார்.

வெள்ளி. மூன்றே கால். இன்னும் நாற்பத்தைந்து நிமிடம். அம்புறோஸ் சுவர்மணிக்கூட்டைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். மூன்று இருபத்தைந்துக்கு அஞ்சலா வந்தாள். பின்னால் அந்தோனியம்மா, மாக்கிறேற், கருவாட்டுக் குழு முழுவதும் வந்து முற்றத்தில் நின்றது.

“உவையள் ஏன்?”

“கூட்டம் வைச்சனாங்கள். முடிஞ்சுது. தள்ளி இருங்கோ, இண்டைக்கு நான் பார்க்கிறன்.”

“உமக்கு இங்கிலீசு...”

“இலக்கம் தெரியும்.”

இணைப்பை அழுத்தினாள். முக்கோணம் வந்தது. ‘ஓம்’ பொத்தானையும் விட்டாள், ‘இல்லை’யையும் விட்டாள். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அம்புறோஸ் ஒருநாளும் தொடாதது. அதை அழுத்தச் சான்றிதழே விரிந்தது.

“இதில ரெண்டாயிரத்து மூண்டிலயிருந்து ரெண்டாயிரத்து அஞ்சு மட்டும் எண்டு கிடக்கு. இப்ப என்ன வருசம்?”

“அது அப்பிடிச் சும்மா இலக்கத்தைப் பார்த்து...”

“என்ன வருசமப்பா?”

“நாலு.”

“அப்ப சான்றிதழ் சரி.” அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “தொண்ணூற்றொன்பதில பண்ணைப் பாலத்துச் சென்றியில என்ர பாஸ் செல்லாதெண்டு ஒரு ஆமிக்காரன் திருப்பி விட்டவன், ஞாபகமே? பாஸில பிழை இல்லை. அவன்ர கலண்டரில தாள் கிழிக்கேல்லை. கொட்டிலுக்குள்ள போய் நான்தான் கிழிச்சுக் காட்டினனான். பாஸ் சரியெண்டா, பார்க்கிறவன்ர திகதியைப் பார்க்கோணும்.”

திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டை இரண்டு தரம் தட்டினாள். 1998 தை மாதம் விரிந்தது. முற்றத்தில் நின்றவர்கள் யன்னலுக்குக் கிட்ட வந்தார்கள்.

“நீங்கள் இன்னும் தொண்ணூற்றெட்டிலயோ இருக்கிறியள்?”

“பற்றறி செத்துப்போச்சு. மின்சாரம் நிண்டா தன்ரபாட்டில பின்னுக்குப் போயிடும்.” நல்ல பதில். உண்மையான பதில். அம்புறோசுக்கு மூச்சு வந்தது.

“எப்ப நிண்டது?”

“ஞாயிற்றுக்கிழமை.”

“திங்கட்கிழமை அடிச்சு மேசையில வைச்ச கண்டனக் கடிதத்தில சரியான திகதி கிடக்கே. அதுக்குப் பிறகு மின்சாரம் நிக்கேல்லையே?”

அம்புறோஸ் மூன்று தடவை விசாரணைக்குப் போனவர். எந்த அதிகாரியும் அவரிடம் இவ்வளவு மெதுவாகக் கேட்டதில்லை.

அஞ்சலா வருடத்தைத் திருத்தினாள். மாதங்களை விரல் விட்டு எண்ணி எட்டாவதில் நிறுத்தினாள். ஆனால் பழைய மின்னஞ்சலுக்குப் போகவில்லை. புதன்கிழமை வந்ததைத் திறந்தாள்.

“அது வெறும் நினைவூட்டல்...”

“என்ர அலுவல் செவ்வாய்க்கிழமையே முடிஞ்சுது. யாழ்ப்பாணத்தில நிமலினியோட ஒரு இன்ரநெற் கடையில இருந்து செய்தனான். ஒரு முக்கோணமும் வரேல்லை. அப்பவே விளங்கிட்டுது, பிழை எங்கட சென்றியிலதான் எண்டு.”

“அப்ப ஏன் புதனும் வியாழனும் வந்து இதில இருந்தனீர்?”

“நீங்களாச் சொல்லுவியள் எண்டு பார்த்தனான்.”

மூன்று நாற்பத்தொன்று.

“போற ஆள் திரும்பி வருமட்டும் குழுவின்ர வேலைக்கு ஆர் பொறுப்பெண்டு மாநாட்டுக்காரர் கேட்டவை. உங்கட பேரைக் குடுத்தனான். இது உங்களுக்கு வந்த லிங்க். நாலு மணிக்குள்ள நீங்கள் ஓம் எண்டாத்தான் என்ர இடம் உறுதி.”

“என்னைக் கேளாமல் என்ர பேரைக் குடுத்தனீரோ?”

“நீங்கள் என்ர பேரைக் கேட்டோ போட்டனீங்கள்?”

யன்னலில் மாக்கிறேற் சிரித்தாள். அம்புறோஸ் கைகளைக் கட்டிக்கொண்டார். நாலு மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிடம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதும் ஒரு போராட்ட முறைதான்.

“நான் அழுத்தாட்டி?”

“என்ர இடம் அடுத்தவருக்குப் போகும்.”

“அடுத்தவர் நான்தானே.”

“வேலைப் பொறுப்புக்குப் பேர் குடுத்த ஆள் காத்திருப்புப் பட்டியலில நிக்க ஏலாதாம், நிமலினி வாசிச்சுச் சொன்னவள். உங்கட பேரைச் செவ்வாய்க்கிழமையே வெட்டிப்போட்டினம்.”

“அப்ப... இப்ப முதலாவது ஆர்?”

“தம்பிஐயாண்ணை.”

அம்புறோஸ் எழும்பினார். இருந்தார். அமைச்சருக்கு மாலை போட்ட கை காத்மாண்டு மேடையில் உயர்வது அவர் கண்ணில் தெரிந்தது. மூன்று நாற்பத்தெட்டு. பாய்ந்து இணைப்பை அழுத்தினார். தொலைபேசித் தொடுப்பு அறுந்தது.

“ஐயோ, லைன் போயிட்டுது!”

“ஆறுதலா எடுங்கோ.”

“என்ன ஆறுதல்! ஆரோ வெட்டிறாங்கள்!” மறுபடி எடுத்தார். கணினி கீச்சிட்டது, இரைந்தது, நின்றது. மூன்று ஐம்பத்துமூன்று. மறுபடி. முக்கோணம் வந்துவிடக் கூடாதே என்று, தேவாலய வாசலை மிதித்து இருபது வருடமான மனிதர், அந்தோனியாரைக் கூப்பிட்டார். மூன்று ஐம்பத்தேழுக்குப் பக்கம் ஒரு குறையுமில்லாமல் திறந்தது. பொறுப்பேற்கிறீரா என்று கேட்டது. ஓம். இல்லை.

அம்புறோஸ் ‘ஓம்’ அழுத்தினார். வாசியாமலே.

திரையில் இரண்டு வரி வந்தது.

“என்னவாம்?” என்றாள் அஞ்சலா.

அம்புறோஸ் அகராதியைத் தொடவில்லை. அந்தக் கிழமையில் முதல் தடவையாக ஒரு சொல்லும் கூட்டாமல் மொழிபெயர்த்தார்.

“பத்து நாளைக்குக் கருவாடு புரட்டிறது நானாம்.”