சம்பந்தி விருந்தும் பூலா சட்டையும்

முதல் இறைச்சி உருண்டை சுரேந்திராவின் கால்சட்டைப் பைக்குள் விழுந்தபோது, அதன் சூடு கொஞ்சமும் ஆறியிருக்கவில்லை.

"ஸ்ஸ்..." என்றார்.

"என்ன சம்பந்தி, காரமா?" என்று எதிரில் உட்கார்ந்திருந்த பாலசுப்பிரமணி கேட்டார்.

"இல்ல, ருசி! ருசி தாங்க முடியல."

"அரே, அப்படின்னா இன்னும் ரெண்டு போட்டுக்குங்க." கொதிக்கும் சட்டியிலிருந்து மேலும் இரண்டு உருண்டைகள் சுரேந்திராவின் தட்டுக்கு வந்தன.

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் புதிதாகத் திறந்த சைனாக்காரர் கடை அது. ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஓர் அடுப்பு, அதன் மேல் சூப்பு கொதிக்கும் சட்டி. பச்சையாக வருவதைச் சட்டியில் போட்டு, வெந்ததும் எடுத்துச் சாப்பிட வேண்டும். வயிறு கொண்ட மட்டும் சாப்பிடலாம். ஆனால் தட்டில் வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

சுரேந்திராவுக்கோ புரட்டாசி விரதம்.

அது சும்மா பழக்கத்துக்கு இருக்கும் விரதமும் அல்ல. இரண்டாயிரமாம் ஆண்டு ஊர்க் கலவரத்தில் இந்தியர் கடைகள் எரிந்த அன்று, பள்ளிக்குப் போன மகள் ஷமிதா வீடு திரும்பவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஃபிஜிப் பூர்வகுடிக் குடும்பம் அவளைத் தங்கள் வீட்டில் பாயில் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, கலவரம் அடங்கியதும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டது. இவளுக்கு நல்லபடியாகக் கல்யாணம் ஆகும்வரை புரட்டாசியில் கவுச்சி தொடமாட்டேன் என்று அன்றே பெருமாளிடம் சொல்லிவிட்டார் சுரேந்திரா.

இப்போது மறுபடியும் ராணுவ ஆட்சி. ரோட்டில் சோதனைச் சாவடி. ஷமிதா நர்சு வேலையில் இருந்தாள். ஆக்லாந்திலிருந்து நல்ல வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை பிரனீலின் அப்பா பாலசுப்பிரமணி, ஒரு காலத்தில் ரராவாய் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு நியூசிலாந்து போய்விட்டார். பேச்சை முடிக்க இப்போது மனைவி மோகினியோடு வந்திருந்தார்.

போன வருடம் சிட்னியிலிருந்து வந்த வரன், "ரொம்பப் பழைய ஆளுங்க" என்று சொல்லிக் கைவிட்டுப் போயிருந்தது. அந்தப் பயத்தில்தான், "நீங்க எல்லாம் சாப்பிடுவீங்கல்ல?" என்று பாலசுப்பிரமணி போனில் கேட்டபோது சுரேந்திரா துள்ளிக் குதித்துப் பதில் சொன்னார்.

"எல்லாம் சாப்பிடுவோம்! நாங்க அந்தக் காலத்து ஆளுங்க இல்ல சம்பந்தி. சுவாவில புது சைனா கடை வந்திருக்கு. அங்கேயே வச்சுக்குவோம்!"

அந்தப் பக்கம் யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது. பிறகு, "ஆகட்டும்" என்று மட்டும் குரல் வந்தது.

போனை வைத்த பிறகுதான் மாதம் நினைவுக்கு வந்தது.

மனைவி சுசீலா கெட்டிக்காரி. கடைக்குள் நுழைந்ததுமே, "எனக்குப் பல்லு வலி, டீ போதும்" என்று சொல்லிவிட்டாள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேருக்குப் பல்வலி என்றால் நம்பமாட்டார்கள். ஆகவே சுரேந்திராவுக்கு வலி கிடைக்கவில்லை.

"லித்தியா, நான் சொன்னது மாதிரியே கொண்டு வாம்மா" என்று பரிமாறுகிற பெண்ணைப் பாலசுப்பிரமணி கூப்பிட்டார். அவள் சிரித்துக்கொண்டே தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து அடுக்கினாள். பாலசுப்பிரமணியும் மோகினியும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டார்கள். கடல் தாண்டிப் போனவர்களைப் பெருமாள் கண்டுகொள்ளமாட்டார் போலிருக்கிறது என்று சுரேந்திரா மனதுக்குள் மன்னித்தார்.

கால்சட்டைப் பைகள் இரண்டும் நிரம்பின. அடுத்த உருண்டை மேசைக்குக் கீழே சுசீலாவின் கைப்பைக்குள் போயிற்று.

"ஐயோ, என்னங்க பண்றீங்க?" என்று சுசீலா பல்வலிக் கன்னத்தைப் பிடித்தபடியே கிசுகிசுத்தாள். "உள்ள கோயில் குங்குமம் இருக்கு!"

அவசரமாகக் கையை வெளியே இழுத்தார். பின்னால் ஒரு பெரிய தொட்டியில் செடி இருந்தது. சோம்பல் முறிப்பது போலக் கையைத் தூக்கி, நாலு இறைச்சித் துண்டுகளைத் தொட்டிக்குள் விட்டார். திரும்பினால் லித்தியா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"சமையல் பிடிக்கலையா அங்கிள்?" என்று ஊரில் எல்லாரும் பேசும் இந்தியில் மெதுவாகக் கேட்டாள்.

"பிடிச்சிருக்கும்மா! ரொம்பப் பிடிச்சிருக்கு!"

அவள் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிப்போய் இன்னும் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து அவருக்கு முன்னாலேயே வைத்தாள்.

"பலே! சாப்பாட்டு மனுசன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார் பாலசுப்பிரமணி. ஆனால் அவர் குரலில் லேசான வருத்தம் இருப்பது போலச் சுரேந்திராவுக்குத் தோன்றியது. அதிகமாகத் தின்கிறோம் என்று நினைக்கிறாரோ? பெருந்தீனிக்காரன் வீட்டில் பெண் எடுப்பார்களா? இனி மெதுவாக ஒளிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

"சம்பந்தி அண்ணே," என்றாள் மோகினி தயங்கியபடி. "உங்க கால்ல ஏதோ வடியுது."

"வேர்வை தங்கச்சி. அடுப்பு சூடு."

"வேர்வை இஞ்சி வாசனை அடிக்குதே!"

"நான் முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று சுரேந்திரா எழுந்தார். எழுந்ததுதான் தப்பு. ஈரத்தில் ஊறிய பை கிழிந்து, கால்சட்டை வழியாக ஓர் உருண்டை இறங்கி, செருப்பில் பட்டு, தரையில் உருண்டு, நேராக மோகினியின் காலடியில் போய் நின்றது. அதன் பின்னாலேயே இன்னொன்று. சற்று யோசித்துவிட்டு மூன்றாவதும் போயிற்று.

சுசீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

மோகினி உருண்டைகளைப் பார்த்தாள். நனைந்த கால்சட்டையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"உக்காருங்க அண்ணே" என்றாள். "இதுல வெட்கப்பட என்ன இருக்கு? ராணுவம் வந்த பிறகு இங்க எத்தனை பேருக்கு வேலை போச்சுன்னு எங்களுக்குத் தெரியாதா? ஆக்லாந்து போன புதுசுல நானும் கல்யாண வீட்டு லட்டை முந்தானையில முடிஞ்சுட்டு வந்தவதான். பிரனீல் அப்ப வளர்ற பையன். பசி தாங்கமாட்டான்."

சொல்லிக்கொண்டே நாலு உருண்டைகளைக் காகிதத்தில் சுற்றி, மேசையைச் சுற்றிவந்து, சுரேந்திராவின் பூப்போட்ட பூலா சட்டைப் பையில் தன் கையாலேயே வைத்தாள். "பொண்ணு டூட்டி முடிஞ்சு வருமில்ல, அவளுக்குக் கொடுங்க."

"லித்தியா!" என்று பாலசுப்பிரமணி கூப்பிட்டார். "ஒரு டப்பா கிடைக்குமாம்மா?"

"வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது அங்கிள். இருங்க, முதலாளிகிட்ட கேக்கிறேன்" என்று அவள் உள்ளே போனாள்.

நெஞ்சுக்கு மேலே நாலு உருண்டைகள் சுட்டன. இனி ஒளித்து வைக்க சுரேந்திராவிடம் ஒரு பையும் மிச்சமில்லை. ஆனால் அவரைத் தோற்கடித்தது அது அல்ல. திருடன் என்று நினைத்திருக்க வேண்டிய இடத்தில், பசி என்று நினைத்தார்களே! இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கா பொய் சொல்லி மகளை அனுப்புவது? வரன் போனால் போகட்டும். பெருமாளுக்கும் இந்த அம்மாளுக்கும் ஒரே நாளில் துரோகம் செய்ய முடியாது.

"தங்கச்சி, என்னை மன்னிக்கணும்" என்று கைகூப்பினார். "வீட்டுல பசி இல்ல. நான் புரட்டாசி விரதம். ஷமிதாவுக்காக வேண்டிக்கிட்டது. பழைய ஆளுங்கன்னு நினைச்சு நீங்களும் வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன். இந்தக் கவுச்சியில ஒரு துண்டுகூட என் வாயில படல. எல்லாம் பையிலதான் இருக்கு."

பாலசுப்பிரமணியின் கையிலிருந்த குச்சி நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. அவர் முகம் சிவந்து கறுத்தது. மோகினியைப் பார்த்தார். மோகினி கூரையைப் பார்த்தாள்.

அவ்வளவுதான், இந்த வரனும் போயிற்று என்று சுரேந்திரா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது லித்தியா கையில் டப்பாவோடு வந்து, பாலசுப்பிரமணியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்:

"முதலாளி கொடுக்கச் சொல்லிட்டார் அங்கிள். ஆனா காலையில நீங்க வந்து, 'எனக்கு விரத மாசம், சம்பந்திக்குத் தெரிஞ்சா பழைய ஆளுன்னு பொண்ணு கொடுக்கமாட்டார், பார்க்க இறைச்சி மாதிரியே எல்லாத்தையும் சோயாவில பண்ணிடுங்க'ன்னு கெஞ்சினீங்களேன்னு நாங்க எவ்வளவு பாடுபட்டுப் பண்ணினோம்! அதை ஏன் இந்த அங்கிள் எடுத்துச் செடிக்குப் போட்டார்?"