அறைந்து சாத்த ஒரு கதவு

"இந்தக் கதவு ஆகாது," என்றாள் கிளெண்டா.

ரோட்னி ஹாஸ்கெல் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து பார்க்கும் மூன்றாவது டிரெய்லர் வீடு இது. அடுப்பு நன்றாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டி ஆள் உயரம் இருந்தது. குளியலறைக்குள் சட்டை பேண்ட்டோடு நின்று, இல்லாத சோப்பைத் தலையில் தேய்த்துப் பார்த்தார். முழங்கை எங்கும் இடிக்கவில்லை. எல்லாம் கூடி வந்த வேளையில், இவள் படுக்கையறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கதவுக்கு என்ன கேடு?"

"நீயே சாத்திக் காட்டு."

ரோட்னி சாத்தினார். பக்கவாட்டில் நகரும் கதவு அது. சொய்யென்று வந்து, சத்தமில்லாமல் நின்றது.

"பாத்தியா? எனக்குக் கோபம் வந்தா இதை மெதுவா நகத்திக்கிட்டு நிக்கணுமா? இத்தனை வருஷமா தையல் ரூம் கதவைப் படார்னு சாத்தித்தான் உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். அந்தச் சத்தம் கேக்கலைன்னா நீ வழிக்கு வருவியா?"

விற்பனையாளன் கிப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மேடம், டிரெய்லர்னாலே பெரும்பாலும் இழுப்புக் கதவுதான். இடம் மிச்சம் பாருங்க."

"கோபத்துல யாருப்பா இடத்தை மிச்சம் பிடிப்பாங்க?"

கிப் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். பன்னிரண்டு வருட விற்பனை அனுபவத்தில் மெத்தை பற்றிக் கேட்டவர்கள் உண்டு, கழிவுத் தொட்டி பற்றிக் கேட்டவர்கள் உண்டு, நாய் படுக்க இடம் கேட்டவர்கள் உண்டு. சண்டைக்கு வசதி கேட்டவர்கள் இவர்கள்தான்.

ரோட்னிக்கோ சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு சின்ன ஊரில் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் அவர். போன மே மாதம் ஒருநாள், இரவுச் சாப்பாட்டு மேசையில், "வீட்டை வித்துட்டு டிரெய்லர்லயே குடியிருந்தா என்ன? ஊர் ஊராப் போகலாம்," என்று அறிவித்தார். அதற்கு முந்தைய சில வாரங்களாக டி.வி.யைப் போட்டாலே யாராவது ஒரு ஜோடி ஏரிக்கரையில் டிரெய்லரை நிறுத்தி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும். பார்த்துப் பார்த்து அவருக்கு அன்றைக்கு ஞானம் பிறந்துவிட்டது.

கிளெண்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "உனக்கு அவ்வளவு ஆசைன்னா சரி," என்றாள்.

அந்தச் 'சரி' ரோட்னியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டை விலைக்குப் போட்டபோது அவள் மூச்சுவிடவில்லை. வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றபோது, தன் சோபாவை யாரோ தூக்கிக்கொண்டு போவதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'மனசுக்குள்ளேயே அழுகிறாள், எனக்காகக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறாள்,' என்று மனிதர் உருகிப்போனார். வீடு விற்றாகிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். இவள் மனம் ஒப்பாமல் வந்தால், எந்த ஏரிக்கரைக் காப்பியும் தொண்டையில் இறங்காது. அவள் கேட்டதே ஒன்றே ஒன்று, ஒரு கதவு. அதைக்கூட வாங்கித் தர முடியாதா?

"கிப், அறைஞ்சு சாத்தற மாதிரி கதவு உள்ளதைக் காட்டுப்பா," என்றார்.

அடுத்த வரிசையில் ஒன்று இருந்தது. கீல் வைத்த கதவு. கிளெண்டா ஒரு தரம் சாத்திப் பார்த்தாள். 'படக்' என்றது. படார் இல்லைதான், ஆனாலும் பரவாயில்லை.

"இது ஓகேவா?" ரோட்னியின் முகம் மலர்ந்தது.

"ரோட்டுல போறப்போ எப்படி இருக்கும்னு காட்டச் சொல்லு."

கிப் பொத்தானை அழுத்தினான். இந்த வீடுகளில் நிறுத்திய இடத்தில் சுவரே வெளியே நீண்டு அறை பெரிதாகும். கிளம்பும்போது சுவர் உள்ளே வந்துவிடும். சுவர் வந்தது. சுவரோடு கட்டிலும் வந்தது. கட்டில் வந்து கதவின் வயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு பூனை நுழையலாம், அவ்வளவுதான் சந்து.

"வழியில நிறுத்தினா நான் எங்க போய்க் கோவிச்சுக்கிறது?"

"வழியில எதுக்கு மேடம் கோவிச்சுக்கப் போறீங்க?"

"தம்பி, இந்த மனுஷன் வழி தப்பினா யாரையும் கேக்கமாட்டான். அடுத்த மாநிலம் வந்தப்புறம்தான் ஒத்துக்குவான். எனக்குக் கோபமெல்லாம் வழியிலதான் வரும்."

ரோட்னி வாயைத் திறந்தார். வடக்கே நெப்ராஸ்காவுக்கு என்று கிளம்பி, தெற்கே ஆர்கன்சாவில் போய் நின்ற கதை நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டார்.

கடைசி வரிசையின் மூலையில் ஒன்று நின்றது. மற்றவற்றைவிட நீளம், உயரம். மூன்று படி ஏறினால் படுக்கையறை. அதற்கு வீட்டுக் கதவு மாதிரியே கனமான மரக்கதவு. சுவர் உள்ளே வந்தாலும் அது தாராளமாகத் திறந்து மூடியது. கிளெண்டா அதைத் தடவிப் பார்த்தாள்.

"இதுதான்! எடுத்துக்கறோம்!" என்று கத்தினார் ரோட்னி.

கிப் சந்தோஷப்படவில்லை. வெளியே போய் டிரெய்லரை இழுக்க ரோட்னி வாங்கியிருந்த புத்தம்புதுச் சிவப்புப் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த எடை அளவுச் சீட்டைக் குனிந்து படித்தான். "சார், இது தாங்காது."

"எது தாங்காது? போன மாசம்தான் வாங்கினேன்!"

"எல்லாரும் இதே தப்பைத்தான் சார் பண்றாங்க. முதல்ல டிரெய்லரைப் பாக்கணும், அப்புறம்தான் பிக்கப் வாங்கணும். ஆனா இந்த ஊர்ல ஒரு ஆம்பிளையும் பிக்கப் வாங்காம டிரெய்லர் பாக்க வந்ததில்ல."

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டினவன்யா! அறுபது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு பனியில ஓட்டியிருக்கேன்!"

"பிள்ளைங்க பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்தாங்க சார். இது பிக்கப் முதுகு மேலயே ஏறி உட்காரும்."

ரோட்னி சிவப்பைக் கொடுத்துவிட்டு, பின்னால் நான்கு சக்கரம் வைத்த வெள்ளைப் பிக்கப் ஒன்றை வாங்கினார். அதன் பின்பக்கம் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது. முதல் நாள் வீட்டு வாசலிலிருந்து ஜம்மென்று திருப்பினார். முன்பக்கம் அழகாகத் திரும்பியது. பின்பக்கம் தபால் பெட்டியை வேரோடு சாய்த்தது. விற்ற வீடு, அடுத்தவன் தபால் பெட்டி. ஓடிப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்து, குழி தோண்டி, சிமெண்ட் ஊற்றி நட்டார். சரியாக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்க்க இடம் வேண்டுமே என்று பிக்கப்பைப் பின்னால் எடுத்தார். அதுவும் சாய்ந்தது.

"விடு ரோட்னி," என்றாள் கிளெண்டா சமையலறை ஜன்னலிலிருந்து. "மூணாவதை நான் நட்டுக்கறேன். நீ போய் அந்த டிரெய்லரை யாராவது கொத்திக்கிட்டுப் போறதுக்குள்ள பேசு."

'பாவம், எனக்காக எவ்வளவு சுறுசுறுப்பாக நடிக்கிறாள்!' என்று ரோட்னிக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை. மூலையில் நின்ற பெரிய டிரெய்லருக்குள் மூவரும் நின்றார்கள். கிளெண்டா கதவைச் சாத்தினாள். 'டப்'.

"சத்தம் வரலையே," என்றார் ரோட்னி கவலையோடு.

"கோபம் இல்லாம எப்படி வரும்? சும்மா சாத்தினா சும்மாதான் கேக்கும்."

"அப்ப சண்டை போட்டுப் பாக்கலாமா? லேசா?"

"சரி, நீ ஆரம்பி."

ரோட்னி தொண்டையைக் கனைத்தார். கிப் மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதைச் சொல்வது? அதிக ஆபத்தில்லாத விஷயமாக ஒன்றைத் தேடினார் ரோட்னி.

"உன் தங்கச்சி லுவான் பண்ற உருளைக்கிழங்கு சாலட்... அவ்வளவு ஒண்ணும் நல்லாருக்காது."

"அட, நல்லா ஆரம்பிச்சே. அதுக்கென்ன?"

"உன்னுதைவிடப் பரவாயில்லைங்கறேன்."

கிப்பின் பார்வை கூரையிலிருந்து இறங்கியது. கிளெண்டாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே கரைந்தது.

"என்ன சொன்னே?"

"சும்மாதானே... சண்டைக்காக..."

"போன ஜூலை நாலாம் தேதி விருந்துல ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டியே, அது? அவகிட்ட வாங்கியா, என்கிட்ட வாங்கியா?"

ரோட்னி யோசித்தார். அந்த நேரத்தில் யோசித்திருக்கக் கூடாது.

படார்!

டிரெய்லர் குலுங்கியது. சமையலறை அலமாரிகள் நாலும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. பக்கத்து டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்த்தது. அருமையான சத்தம். ரோட்னி கைப்பிடியைத் திருகினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"கிளெண்டா, உள்பக்கத்திலேருந்து திற."

"உள்பக்கத்துப் பிடியும் கீழ விழுந்துடுச்சு," என்றது குரல், மிக அமைதியாக.

கிப் கருவிப் பெட்டியை எடுத்துவர ஓடினான். ரோட்னி படியில் உட்கார்ந்தார், கையில் பித்தளைப் பிடியோடு. உள்ளே சத்தமே இல்லை. இத்தனை வருடத்தில் இவள் கதவைச் சாத்தினால் உள்ளே தையல் மிஷின் கடகடவென்று ஓடும். ஓடினால் கோபம் தணிகிறது என்று அர்த்தம். இங்கே ஒன்றும் ஓடவில்லை.

"கிளெண்டா... உன் சாலட்தான் நல்ல சாலட்."

அவர் பிடியை மடியில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

"அதை விடு. நான் செஞ்சது தப்பு. சாலட்டைச் சொல்லல, எல்லாத்தையும் சொல்றேன். நீ ஆசை ஆசையா வச்சிருந்த வீடு. என் கிறுக்குக்காக வித்துட்டேன். உன் சோபா போச்சு, தையல் ரூம் போச்சு. நீ வாயைத் திறந்து வேணாம்னு சொல்லலை, நானும் கேக்கலை. எனக்கு ராத்திரி தூக்கமே வரதில்ல." அவர் மூக்கை உறிஞ்சினார். "இந்தப் பேச்சையே விட்டுடலாம். ஊருக்குள்ள சின்னதா ஒரு வீடு வாடகைக்குப் பாத்துக்கலாம். கிப்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ துள்ளி எழுந்து ஓடிவரும் சத்தம்.

"வேணாம் வேணாம்! சொல்லிடாதே!" கதவுக்குப் பின்னால் கிளெண்டாவுக்கு மூச்சு வாங்கியது. "இதையே எடுத்துக்கலாம் ரோட்னி. கதவு பிரமாதம்."

"நிஜமாத்தான் சொல்றியா? எனக்காகச் சொல்லாதே."

"உனக்காகத்தான் சொல்றேன்," என்றாள் அவள், குரலை இறக்கி. "நீ ஆசைப்பட்டியே."

ரோட்னி கதவில் நெற்றியை வைத்து அழுதேவிட்டார். கிப் வந்து அவரை மெல்ல நகர்த்தி உட்காரவைத்துவிட்டு, திருப்புளியால் பூட்டைக் கழற்றினான். கிளெண்டா வெளியே வந்து, கணவரின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். கிப் மறுபடியும் கூரையைப் பார்த்தான்.

டிரெய்லரின் சாப்பாட்டு மேசையிலேயே காகிதங்களைப் பரப்பினார்கள். ரோட்னி கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைந்திருந்தது.

"கிப், உனக்குக் கல்யாணம் ஆகலை இல்ல? ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. புருஷன் மனசுல ஒரு ஆசை இருக்குன்னு தெரிஞ்சு, தன் வீட்டையே தூக்கிக் கொடுத்துட்டு பின்னாலயே வர்ற பொம்பளை கிடைச்சா, விட்டுடாதே."

"போதும் ரோட்னி, காகிதத்தைப் பாரு," என்றாள் கிளெண்டா, காது சிவக்க.

அப்போது வாளியும் துடைப்பமுமாக யோலண்டா உள்ளே வந்தாள். விற்பனைக்கு நிற்கும் டிரெய்லர்களையெல்லாம் உள்ளே துடைத்துச் சுத்தம் செய்பவள் அவள். மகள் பிரசவத்துக்காக டெக்சாஸ் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கிளெண்டாவைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அடடே, வந்துட்டீங்களாம்மா! மார்ச் மாசமே இதே வண்டிக்கு ஜன்னல் ஜன்னலா அளவெடுத்துட்டுப் போனீங்களே, திரையெல்லாம் தைச்சாச்சா? எல்லாம் தன்னோட யோசனைன்னு நம்பினாத்தான் உங்க வீட்டுக்காரர் வீட்டை விட்டுக் கிளம்புவாருன்னு கவலைப்பட்டீங்களே... மனுஷன் நம்பிட்டாரா?"