என் பங்கு பளபள

மனைவியை ஒருமுறையாவது ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். மரக்காணத்தில் ஆறு பாத்தி உப்பளத்தை ஆளும் நான், வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட ஆண்டதில்லை.

உப்பளத்துக் கொட்டகையைப் பிரித்தபோது அப்பாவின் தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே பத்து பழைய செப்புக் காசுகள். துணியில் சுற்றியிருந்த ஐந்தும் கறுத்துக் கிடந்தன. அடியில் உப்பு ஈரம் பட்ட ஐந்தும் பச்சை பூத்துப் பொரிந்துபோயிருந்தன. பாண்டிச்சேரியில் பழங்காசு வாங்கும் சக்கரபாணியிடம் விற்றால் எனக்கு ஒரு பழைய புல்லட் வாங்கலாம். என் மனைவி தையல்நாயகிக்கோ புது கிரைண்டர் வேண்டும். இரண்டுக்கும் பணம் போதாது, அதுதான் சிக்கல்.

பச்சைக் காசுகளைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். உப்புக்கு எனக்கென்ன பஞ்சம்? தேய்த்த தேய்ப்பில் காசிலிருந்த ராஜாவுக்கு மூக்கு, மீசை எல்லாம் போய்விட்டது. ஆனாலும் தங்கம் மாதிரி மின்னினார். கறுப்பில் கை வைக்கப் போனேன். தையல்நாயகி ஓடிவந்து புளி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குழம்புக்கு வேணாவா? போதும் வைங்க!"

அந்த நொடியில்தான் என் மூளை வேலை செய்தது.

"தையலு, ஆளுக்கு அஞ்சு. அவங்கவங்க காச அவங்கவங்க வித்துக்கலாம். நான் தேய்ச்சது எனக்கு. கறுப்பு உனக்கு."

"பளபளன்னு இருக்கிறத எல்லாம் நீங்களே எடுத்துக்கினா எப்படிங்க?"

"கை நோவ தேய்ச்சவன் நான்!"

"அப்புறம் எங்கிட்ட வந்து பங்கு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"புள்ளைங்க மேல சத்தியமா?"

"சத்தியம்!"

அவள் முகம் வாடிப்போனது. எனக்கு ஒரே சந்தோஷம். பதினெட்டு வருஷத்தில் முதல் வெற்றி! பாண்டி பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் நானே உட்கார்ந்தேன்.

சக்கரபாணி கறுப்புக் காசுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"இந்தக் கறுப்பு தானா ஏறணும்மா, பல வருஷம் ஆவும். ஒரு எழுத்து அழியல பாருங்க! அஞ்சுக்கும் இருபத்தஞ்சாயிரம் தரேன்."

கறுப்புக்கே இவ்வளவா! நெஞ்சை நிமிர்த்தி என் பங்கைக் கொட்டினேன்.

"ஐயய்யோ, உப்பு அரிச்சது பாதி, நீங்க தேய்ச்சது மீதி! இது இனிமே வெறும் செம்பு சார். எடைக்குத்தான் போவும்."

படியிறங்கும்போது கேட்டேன். "தையலு, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பொட்டி கிடைச்ச அன்னிக்கே இவருக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டுட்டேன். கறுப்பத் தொடாதீங்கன்னு சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தாங்க ஓடியாந்தேன். அதுக்குள்ள நீங்க பங்கு பிரிக்க ஆரம்பிச்சிட்டீங்க."