தலையில் பெட்டியோடு கப்பல் ஏறியவர்

"பெட்டியை விடுங்க ஐயா."

"நீ விடுப்பா."

கப்பலில் ஏறும் பலகைப் பாலத்தின் அடியில் ஒரு பச்சைப் பெட்டியின் கைப்பிடியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நீலச் சட்டை போட்ட கப்பல் பணியாள். இன்னொருவர் பயணி. ஆனால் பார்த்தவுடன் அவரைப் பயணி என்று யாரும் சொல்லிவிட முடியாது. மொத்தச் சந்தையில் மூட்டை சுமந்து சுமந்து கழுத்து பாதி தோளுக்குள் இறங்கிப் போனவர். சந்தையில் அவரை லோடுமேன் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் ஏறக்குறைய அதே உத்தியோகம்தான்.

"கீழ வெச்சுட்டுப் போங்க. நாங்க அறைக்கே கொண்டாந்து குடுப்போம். இங்க அதான் வழக்கம்."

"என் கழுத்து நல்லா இருக்கும்போது என் பெட்டி இன்னொருத்தன் கையில போறதா? நான் எந்த மூஞ்சியோட சந்தைக்குள்ள நுழையறது?"

"சந்தையில இருக்கறவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எனக்குத் தெரியுமேப்பா."

பணியாள் பிடியை விட்டான். லோடுமேன் இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி, வளையமாகச் சுற்றிச் சும்மாடு கட்டி, பெட்டியைத் தலைக்கு ஏற்றினார். இரண்டு பக்கமும் ஆட்கள் படமெடுத்தார்கள். அவர் மனைவி பத்தடி பின்னால், யாரோ மாதிரி நடந்து வந்தாள்.

நர்ஸ் வேலை பார்க்கும் மகள், அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு எடுத்துக் கொடுத்த பயணம் இது. தீவைச் சுற்றிக் கரையோரமாகவே ஓடும் கோடைக்காலக் கப்பல். மலை, மணல், மீனவர் குடிசைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மனைவிக்கு அதெல்லாம் பெரிதில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மறுநாள் சாயங்காலம் ஒரு மலைமுனையைக் கப்பல் திரும்பும்போது, பாறை உச்சியிலிருந்து நேராகக் கடலுக்குள் விழும் ஓர் அருவி தெரியும். ஒரு டம்ளர் தேநீர் குடிக்கிற நேரம்தான் கண்ணில் இருக்கும், அப்புறம் மறைந்துவிடும். அதன் படத்தை அவள் மாதக்கணக்கில் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள்.

பாலத்தின் உச்சியில் அவரைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்:

"இதோ பாருங்க. கல்யாணத்தன்னிக்குப் பந்தியில பாய் மூட்டை வந்துதுன்னு பாதியில எழுந்து போனீங்க. பிரசவத்தன்னிக்கு வெங்காய லாரி வந்துதுன்னு போனீங்க. நாளைக்கு அந்த அருவி வரும்போது என் பக்கத்து நாற்காலியில நீங்க இருக்கணும். எவன் தூக்கக் கூப்பிட்டாலும் போகக் கூடாது. போனீங்கன்னா அடுத்த துறைமுகத்துல இறங்கி பஸ்ஸைப் பிடிச்சு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

"உங்க அண்ணன் வீட்டுக்கா? அவ்வளவு கோவமா?"

"அவ்வளவு கோவம்தான்."

சரி என்று தலையை ஆட்டப் பார்த்தார். தலையில் பெட்டி இருந்ததால் அது ஆடவில்லை. அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அறைச் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

லோடுமேன் உள்ளே காலடி வைத்ததும் ஒரு பல் டாக்டரம்மா எதிரே வந்து, "அப்பாடா, நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே, இதையும் கொஞ்சம்" என்று ஒரு கைப்பையை அவர் தோளில் மாட்டினாள்.

இங்கேதான் சந்தை ஆட்களுக்கே உரிய ஒரு வியாதியைச் சொல்லியாக வேண்டும். முன்னால் ஒரு சுமையை வைத்தால் அது யாருடையது, ஏன், எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. மூளைக்குச் சேதி போவதற்குள் கழுத்து குனிந்துவிடும். லோடுமேனும் குனிந்தார். அதைப் பார்த்து இன்னொருவர் தன் பெட்டியை நகர்த்தி வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே வரிசை கட்டியது.

"நான் பயணிங்க" என்று சொல்ல அவர் வாயைத் திறந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஏய், கனமானது அடியில, லேசானது மேல. எத்தனை தடவை சொல்றது?"

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, முகம் பார்க்கலாம் போல ஷூ. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. குரல் அப்படியே சந்தை மேஸ்திரியின் குரல். அந்தக் குரலைக் கேட்டால் லோடுமேனுக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும்.

"இதுதாங்க மொதல் தடவை சொல்றீங்க" என்றார் மெதுவாக.

"எதிர்த்துப் பேச்சு வேறயா? அடுக்கு."

அடுக்கினார். கனமானது அடியில், லேசானது மேலே. அடுக்கிய பெட்டிகளை நீலச் சட்டைக்காரர்கள் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசி வண்டி போனபிறகுதான் பார்த்தார். அவருடைய பச்சைப் பெட்டியும் அதோடு போயிருந்தது. எந்த அறை என்று ஒட்ட வேண்டிய சீட்டு அதில் ஒட்டியிருக்கவில்லை. பெட்டியைத்தான் அவர் யாரிடமும் கொடுக்கவில்லையே.

வெள்ளைச் சட்டையிடமே போனார். "ஐயா, என் பெட்டியைக் காணோம்."

"என்னது, உன் பெட்டியா?"

"ஆமாங்க. பச்சைப் பெட்டி."

"பயணிகளோட பெட்டியை என் பெட்டின்னு சொல்ற அளவுக்கு வந்துட்டீங்களா? ஒவ்வொரு அறையாப் போய்த் தேடு. கிடைக்கற வரைக்கும் உனக்குச் சாப்பாடு கிடையாது."

தேடினார். கதவைத் தட்டியதும் ஒவ்வொரு அறையிலும், "வந்துட்டீங்களா, நல்லது" என்று வேலை காத்திருந்தது. ஓர் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். இன்னொன்றில் திறக்காத அலமாரியைத் தோளால் இடித்துத் திறந்தார். மூன்றாவது அறையில் ஒரு மாமி பூஜாடியை மேலே எடுத்து வைக்கச் சொல்ல, ஜாடியில் இருந்த தண்ணீர் முழுவதும் அவர் சட்டைக்குள் இறங்கியது.

நனைந்த கோழி மாதிரி வராந்தாவில் நின்றவரைச் சலவைக்காரர் பார்த்து இரக்கப்பட்டார். "ஐயா, ஜலதோஷம் பிடிக்கப் போவுது. உங்க சட்டையைக் குடுங்க, உலர்த்தித் தர்றேன். அதுவரைக்கும் இதைப் போட்டுக்குங்க."

நல்ல மனிதர்தான். கொடுத்தது மட்டும் கப்பலின் நீலச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டபின் லோடுமேனை, பெற்ற மகளே வந்திருந்தாலும் ஒரு பெட்டியைத் தூக்கச் சொல்லியிருப்பாள்.

அறைக்குப் போனதும் மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலையிலயே சேர்ந்துட்டீங்களா?"

"இல்லடி, சட்டை நனைஞ்சு போச்சு."

"பெட்டி எங்க?"

"அது வரும்."

"நீங்க தூக்கிட்டு வந்தா வராது. அவங்க தூக்கிட்டு வந்திருந்தா எப்பவோ வந்திருக்கும்."

மறுநாள் காலையில் பெட்டி பல் டாக்டரம்மாவின் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. ஆனால் அதற்குள் வெள்ளைச் சட்டை அவரை நன்றாக முகம் பார்த்து வைத்துவிட்டார். தேநீர் குடிக்கப் போனால் "வேலை நேரத்துல என்ன தேநீர்" என்றார். கைப்பிடியில் சாய்ந்து கரையைப் பார்த்தால் "சாயாதே, அது சாயறதுக்குக் கட்டுனது இல்ல" என்றார். வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது, "சீருடை எங்கே?" என்று ஒரு சத்தம் போட்டார். லோடுமேன் திரும்பிப் போய் நீலச் சட்டையையே மாட்டிக்கொண்டு வந்தார். திட்டு வாங்குவதைவிடச் சட்டை போடுவது சுலபம்.

இதைக் கண்டு மனைவிக்குப் பொறுக்கவில்லை. "வாங்க, நான் வந்து சொல்றேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனாள்.

"ஏங்க, இவரு என் புருஷன். டிக்கெட் எடுத்து வந்த பயணி."

வெள்ளைச் சட்டை அவளை நிதானமாகப் பார்த்தார். "வேலைக்கு வந்த இடத்துக்குச் சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்திருக்கானா? விதியில அப்படி இடமே இல்லையே. சரி, வந்தது வந்துட்டீங்க. அந்த நாற்காலி மெத்தையெல்லாம் கோணலா இருக்கு பாருங்க. நேராப் போடுங்க."

அவளும் குனிந்து மூன்று மெத்தையை நேராகப் போட்டுவிட்டாள். நான்காவதைத் தொட்டபோதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. மெத்தையை அப்படியே கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் போய், கடல் பக்கமாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

லோடுமேன் அதைப் பார்த்தார். தன்னை ஏவினால் பரவாயில்லை, அது பழகிப்போன கழுத்து. அவள் குனிந்ததுதான் அவருக்கு எங்கோ போய்க் குத்தியது. வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வை என்று அவர் சொன்னால், "உங்களுக்குக் கையில்லையா" என்று கேட்கிறவள் அவள்.

சாயங்காலம் ஆனது. பயணிகள் எல்லாரும் அருவியைப் பார்க்க மேல்தளத்துக்கு வந்தார்கள். வெள்ளைச் சட்டை நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நாற்காலி எல்லாத்தையும் கடலைப் பார்த்து வரிசையாப் போடு. அந்த ஓரத்துல ஒண்ணு கிடக்கு பாரு, அதையும் தூக்கிட்டு வா."

லோடுமேன் கடைசி நாற்காலியைத் தூக்கினார். தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்தார். வரிசையைத் தாண்டிப் போய் மனைவியின் பக்கத்தில் அதை வைத்தார். அப்புறம் அதில் உட்கார்ந்தார்.

வெள்ளைச் சட்டை வரிசையைத் தாண்டி வந்தார்.

"ஏய், என்ன பண்ற?"

"உக்கார்ந்திருக்கேங்க."

"அது பயணி உக்கார்ற நாற்காலி."

"அதனாலதான் உக்கார்ந்தேன்."

"எழுந்திரு."

"மாட்டேன்."

இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் இதற்குமுன் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. தன் குரல்தானா என்று ஒரு விநாடி அவருக்கே சந்தேகமாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை சொன்னார். "மாட்டேங்க."

"இந்தப் பக்கம் மூணு பெட்டி கிடக்கு, யாரு தூக்கறது?"

"யாரோடதோ அவங்க தூக்கட்டும். இல்லாட்டி நீங்க தூக்குங்க. நல்ல உயரமா இருக்கீங்க, கழுத்தும் நீளமா இருக்கு."

பல் டாக்டரம்மா சிரித்துவிட்டாள். வெள்ளைச் சட்டையின் காதுகள் சிவந்தன.

"உன்னை இந்த நிமிஷமே வேலையை விட்டு நீக்கறேன்."

"நீக்குங்க. ஆனா எழுதிக் குடுங்க. எனக்கும் வாசிக்கத் தெரியும், ஒரு எழுத்துக் குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவேன்."

"சம்பளம் கிடைக்காது."

"ஒரு பைசா வேணாம். எனக்கு எதுவும் குடுக்க வேணாம். எங்க வீட்டம்மாவை மெத்தை போடச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் குனிவேன், அது என் தொழில். அவ எதுக்குக் குனியணும்? வேணும்னா கேப்டனைக் கூப்பிடுங்க, போலீஸைக் கூப்பிடுங்க. நாலு பேரா வந்து என்னை நாற்காலியோட தூக்குங்க. என்னைத் தூக்கறவனை நானும் ஒரு தடவை பார்க்கறேன்."

"ஏங்க," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

"அவரை அப்புறமா முறைச்சுக்கலாம். அவரு எங்கேயும் போகப் போறதில்ல. அருவி நிக்காது. திரும்புங்க."

திரும்பினார். கப்பல் மலைமுனையை வளைந்துகொண்டிருந்தது. உச்சியிலிருந்து அருவி ஒரே வெள்ளைக் கோடாக இறங்கி, நடுவில் காற்று பட்டுப் புகையாகச் சிதறி, மறுபடி ஒன்றாகக் கூடிக் கடலுக்குள் விழுந்தது. அதன் சாரல் தளம் வரை வந்தது. மனைவி கையை நீட்டி அதைப் பிடித்துப் பார்த்தாள். ஈரக் கையை அப்படியே அவர் கழுத்தின் மேல் வைத்தாள். அவர் அசையாமல் இருந்தார். அந்தக் கழுத்தில் அவர் சுமந்ததிலேயே லேசான சுமை அதுதான்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"படத்துல சின்னதா இருந்தது."

"அண்ணன் வீடு?"

"பார்க்கலாம்" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

அருவி மறைந்தது. வெள்ளைச் சட்டை இன்னமும் அங்கேயேதான் நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, 'அருவி வந்தது தாமதம்' என்று உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். பிறகு லோடுமேனைப் பார்த்து, "உன் விஷயம் இன்னும் முடியல" என்றார்.

"எனக்கு முடிஞ்சு போச்சுங்க" என்றார் லோடுமேன். கால் மேல் கால் போட்டுக்கொண்டார். பழக்கமில்லாததால் முதல் தடவை கால் வழுக்கியது. கையால் பிடித்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இறங்கற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். உங்களால ஆனதைப் பாருங்க."

காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்த கப்பல் பணிப்பெண் லோடுமேனையும் வெள்ளைச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு லோடுமேனிடம் குனிந்து கேட்டாள்:

"ஐயா, அப்போ நீங்க இவரு கூட்டிட்டு வந்த ஆள் இல்லையா? இவரு உங்க எதிர் அறைப் பயணிங்க, போன மாசம்தான் எங்கேயோ சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆகியிருக்காரு, நேத்து எங்க கேப்டனுக்கே மெமோ குடுத்துட்டாரு."