கம்பைலரோடு போன சீர்வரிசை

சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு என் மகள் நித்யா, "அப்பா, எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அடுத்த நிமிடம் தொட்டேன்.

நித்யா பொறியியல் மூன்றாம் ஆண்டு. நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரக் கம்பைலர் என்று ஒன்று உண்டு. முதலாண்டு மாணவர்களின் கணினியில் அதை ஏற்றும்போது கூடவே எந்தெந்தக் கருவிகள் தானாக வந்து இறங்க வேண்டும் என்று யோசித்துச் சொல்லும் வேலையைக் கல்லூரியில் அவளிடம் கொடுத்திருந்தார்கள். துறைத்தலைவர் மேடத்தின் கட்சி, இருப்பதையெல்லாம் கொடுத்துவிடு, குழந்தைகள் தேடி அலையக்கூடாது. நித்யாவின் கட்சி, இரண்டே போதும்: கோணல்மாணலாக எழுதியதை ஒழுங்காக அடுக்கித் தருவது ஒன்று, தப்பு எந்த வரியில் என்று காட்டுவது ஒன்று. மற்றதை வேண்டும்போது வாங்கிக்கொள்ளட்டும்.

நான் மனசுக்குள் மேடம் கட்சி. (பெண்ணோடு குத்துவிளக்கு முதல் தோசைக்கல் வரை லாரியில் ஏற்றி அனுப்பும் பரம்பரை.) ஆனாலும் அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்து அசந்துபோயிருந்தேன். ஒவ்வொரு கருவியையும் எடுத்து, "முதல் நாள் வந்து உக்கார்ற பையனுக்கு இது உதவுமா, பயமுறுத்துமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். அவள் வயதில் நான் எந்தப் படத்துக்குப் போவது என்பதைக்கூட நண்பர்களிடம் விட்டுவிட்டவன்.

அன்று பத்து மணிக்கு வீடியோ கூட்டம். அதில் மேடம் சம்மதிக்காவிட்டால் அவளுடைய மாதக்கணக்கான உழைப்பு குப்பைக்குப் போகும். அவளுடைய மடிக்கணினியில் பேராசிரியர்களின் முகங்கள் வரத் தொடங்கியிருந்தன. பக்கத்தில், அவர்களுக்குக் கேமராவில் தெரியும்படி, செய்து காட்டுவதற்காக ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த கிழட்டுக் கணினி. மந்தைவெளியில் அன்று இணையம் படுத்துவிடும்போலிருந்ததால், தோழி ஃபர்ஹானா தன் இணைய டாங்கிளோடு வாசலுக்கு வந்திருந்தாள். அதை வாங்கத்தான் நித்யா இறங்கியது.

கிழட்டுக் கணினி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது: வழக்கமானவை மட்டுமா, எல்லாமுமா?

நான் ஆண்டாண்டு காலமாகத் தட்கலில் ரயில் டிக்கெட் எடுத்தவன். திரையில் கேள்வி வந்து பதில் சொல்லாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய பயம். "எல்லாமும்" என்று அழுத்தினேன். உடனே அது வேண்டுமா, இது வேண்டுமா என்று கேட்க ஆரம்பித்தது. ஒன்றையும் படிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம்.

அந்தப் பக்கம் பேராசிரியர்கள் எல்லோரும் கையை ஆட்டினார்கள். என்ன மரியாதையான மனிதர்கள் என்று வணக்கம் வைத்துவிட்டு அடுத்த ஆமாமை அழுத்தினேன். (மடிக்கணினியில் ஹெட்போன் செருகியிருந்தது. அவர்கள் "சார், வேண்டாம்" என்று கத்திக்கொண்டிருந்தார்களாம்.)

கிழட்டுக் கணினி அம்மிபோல அரைத்தது. பிறகு, இடமில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு உறைந்துபோனது.

ஃபர்ஹானாதான் முதலில் பார்த்தாள். "மச்சி, அங்கிள் முடிச்சுட்டாரு."

நித்யா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஹெட்போனைப் பிடுங்கினாள். மேடம், "யாரும்மா அது?" என்றார்.

"எங்கப்பா, மேடம். எம்.காம். படிச்சவர். அவரே ஒரு கேள்வியையும் படிக்கலை. பயந்து பயந்து ஆமாம் போட்டிருக்கார். முதல் வருஷப் பிள்ளைங்களும் இதைத்தான் செய்வாங்க. அதனாலதான் அவங்களைக் கேக்காம நாமளே யோசிச்சுக் கொடுக்கணும்னு சொல்றேன்."

அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமைதான்.

மேடம், "அதைத் துடைச்சுட்டு உன்னோட ரெண்டை மட்டும் போடு. அவரையே உக்காரச் சொல்லு" என்றார். உட்கார்ந்தேன். இந்தத் தடவை அது கேள்வியே கேட்கவில்லை. நித்யா சொன்ன ஒரு வரியைத் தப்பும் தவறுமாக அடித்தேன். தப்பின் அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. திருத்தினேன். திரையில் "வணக்கம்" வந்தது. நான் எழுதிய முதல் நிரல்.

"உன் ரெண்டே இருக்கட்டும் நித்யா" என்றார் மேடம்.

அந்தத் துறையில் இப்போது புதிதாக எதைச் செய்தாலும் "அப்பா சோதனை" உண்டு. யாராவது ஒரு மாணவரின் அப்பாவைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். நானோ, ஏடிஎம் கேள்வி கேட்டால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

அன்று கூட்டம் முடிகிற நேரத்தில் என் மனைவி மாடவீதியிலிருந்து காய்கறிப் பையோடு வந்து சேர்ந்தாள். வாசலிலேயே ஃபர்ஹானா முழுக் கதையையும் ஒப்பித்துவிட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள், என் பனியனைப் பார்த்தாள், திரையில் இருந்த அத்தனை பேராசிரியர்களையும் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் ஆமாம் போட்டீங்களே, சட்டை வேணுமான்னு மட்டும் அது கேக்கலையா?"