அரம் சாரும் ஏர் ரைபிளும்

மதுரையில் இறுக்கமான பொருளைக் கண்டால் தூக்கம் கெடும் ஒரே மனிதர் அரம் சார்தான். கே.கே. நகரில் எங்களுக்குக் கீழ் வீட்டில் குடியிருந்தார். ஏதோ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் அவருடைய சொந்தப் பெயர் போட்ட பலகை தொங்கியது. தெருவில் யாரும் அதைப் படித்ததில்லை. மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப் பையில் அவர் ஒரு சின்ன அரம் வைத்திருப்பார்.

தேய்க்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அதுதான் சிக்கல். ஒரு மழைக்காலத்தில் எங்கள் குளியலறைக் கதவு ஊதிப்போய் மூட மறுத்தது. "எம்புட்டு நேரம் ஆகப்போகுது" என்று வந்து இழைத்துக் கொடுத்தார். அடுத்த கோடையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பூனை போய் வந்தது. தாழ்ப்பாள் எட்டாததால், உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்று வீட்டில் சட்டமானது. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஞானப்பாட்டுகள் நிறையத் தெரியும். எனக்கு இரண்டுதான். அதனால் சீக்கிரம் குளித்துவிடுவேன்.

ஈறைக் கடிக்கிறது என்று தன் பல்செட்டையே தேய்த்துக்கொண்டவர் அவர். அடுத்த கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையை வாழ்த்த வாயைத் திறந்தார். பல்செட்டு முந்திக்கொண்டு பாயசத்தில் இறங்கியது. எடுத்துக் கழுவி மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாழ்த்தி முடித்தார்.

இப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகள் ஷீபா, ஏர் ரைபிள் சுடுவாள். துப்பாக்கி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, அதன் மரக்கட்டை விரிசல் விட்டுவிட்டது. புதுக் கட்டை வரவழைத்தோம். ஞாயிறு அணித் தேர்வுப் போட்டி. வெள்ளிக்கிழமை மாட்டிப் பார்த்தால், இரும்புப் பகுதி கட்டையின் பள்ளத்தில் இறங்கவில்லை. ஒரு நூல் கனம்தான் தடை. நான் அமுக்கினேன், ஸ்டெல்லா அமுக்கினாள். கடைசியில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, எதையோ அடிக்கிறீக போல. வாரேன்."

ஷீபா துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அங்கிள், நீங்க தொடக்கூடாது. கொஞ்சம் ஆடுனாலும் குண்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும்."

அரம் சார் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பையிலிருந்த அரத்தை உருவி ஸ்டெல்லாவிடம் நீட்டினார். "இத நீங்க வச்சுக்கங்கம்மா. நானே கேட்டாலும் குடுக்காதீக."

ஷீபா பக்கம் திரும்பினார். "தாயி, கண்மை இருக்கா?"

இரும்பின் அடியில் கண்மையை மெலிதாகப் பூசி, பள்ளத்தில் வைத்து அமுக்கி எடுத்தார். மரம் இடிக்கிற இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் நாலு இழுப்பு தேய்த்தார். மறுபடி மை, மறுபடி அமுக்கல், மறுபடி நாலு இழுப்பு. சனி மதியத்துக்குள் மூன்று கண்மை டப்பா தீர்ந்தது. முகத்தைச் சொறிந்து சொறிந்து அவருக்குக் கிருதாவும் கூடுதலாக இரண்டு புருவமும் முளைத்திருந்தன. பார்சல் கொண்டுவந்த கூரியர்காரர் அவரையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்காமலே இறங்கிப் போனார்.

இரண்டு முறை கை நீட்டினார். "அம்மா, அரத்தக் குடுங்க. ஒரே ஒரு இழுப்பு."

"முடியாது சார்."

"நல்லது" என்று உப்புத்தாளுக்கே திரும்பினார்.

சனி மாலை, விரலால் அழுத்தியதும் இரும்பு மெல்ல இறங்கி உட்கார்ந்தது. திருகுகளை முடுக்கினோம். ஷீபா குலுக்கிப் பார்த்தாள். அசைவே இல்லை. அரம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கறுப்பு காது வரை போனது.

போட்டியில் ஷீபா தேர்வாகவில்லை. வீடு திரும்பியபோது அரம் சார் வாசலில் நின்றிருந்தார்.

"கட்ட ஆடுச்சா தாயி?"

"இல்ல அங்கிள். எனக்குத்தான் கை நடுங்கிருச்சு."

"நெசமாவா?" மூன்று முறை கேட்டார். பிறகு படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தாலி கட்டும்போது எனக்கும் நடுங்குச்சு. மூணு முடிச்சையும் எங்க அக்காதான் போட்டுச்சு."

ஷீபா அப்போதுதான் சிரித்தாள்.

இப்போது அவர் கொட்டாம்பட்டியில் மகன் வீட்டோடு இருக்கிறார். வாரம் ஒருமுறை போன் செய்து, ஷீபாவுக்கு அடுத்த போட்டி எப்போது என்று கேட்பார். ஒரு வாரம் போன் வராவிட்டால், நான் கொட்டாம்பட்டி பஸ் ஏறிவிடுகிறேன்.