எவாரிஸ்தோ கேட்ட பச்சை விளக்கு

சாகும்வரை கார்ச் சாவியைக் கைவிடுவதில்லை என்று எவாரிஸ்தோ முடிவெடுத்தபோது, உருகுவேயின் தலைநகர் மொண்டெவிதேயோவில் விடாத குளிர்காலத் தூறல். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர். கண்ணின் நடுவே படர்ந்த புகை இனி விலகாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவி ஒர்தென்சியாவிடம், டாக்டர் கழுகுக் கண் என்கிறார் என்று புளுகினார். அவள் காரை விற்றுவிடலாம் என்றாள்.

வயதானவர்கள் நிஜப் போக்குவரத்தில் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. காருக்குள் சின்னக் கேமரா பொருத்துவார்கள். சில மாதம் வழக்கம்போல ஓட்டினால் போதும். இவள் வாயை அடைக்க இதைவிட நல்ல சாட்சி ஏது? ஓடிப்போய்ப் பேர் கொடுத்தார்.

பிரமாதமாக ஓட்டினார். பக்கத்தில் ஒர்தென்சியா குடுவையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி வம்பளந்துகொண்டே வந்தாள். அந்த விளக்கு உன் மூக்கு மாதிரியே சிவந்து கிடக்கு என்பாள். கோட்டுக்காரி பிள்ளையை இழுத்துக்கிட்டு எங்கே ஓடறா என்பாள். அவர் எரிச்சலோடு பிரேக்கை மிதிப்பார்.

பதிவுகளைப் பார்த்த ஆய்வாளர் யமீலா, ஒரு தப்பும் இல்லை என்றாள். பக்கத்தில் இருக்கும் அம்மா பேச்சுத்தான் அதிகம், முடிவெடுப்பது யாரென்றே புரியவில்லை என்று இழுத்தாள்.

"கேட்டியா கிழவி? உன் தொணதொணப்புல என் பேரு கெடுது. நாளைக்குக் கார்ல வாயத் தொறக்காத."

"சரி கிழவா."

அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அவர் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் நதிக்கரைச் சாலை. வானம், நதி, தார் எல்லாம் ஒரே சாம்பல். காருக்குள் மாத்தே உறிஞ்சும் சத்தம் மட்டும். முன்னால் ஏதோ வண்டி நிற்பதுபோலத் தோன்ற, நிறுத்தினார். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை. பின்னால் ஹாரன்கள் கத்தின. ஊரையே ஏற்றி இறக்கிய கால், பிரேக்கை விட்டு நகரப் பயந்தது.

"பச்சையா?" என்று மெல்லக் கேட்டார்.

"வந்துட்டுப் போயிடுச்சு."

இன்ஜினை அணைத்துச் சாவியை அவள் மடியில் வைத்தார். அவள் சுற்றி வந்து, தள்ளி உட்காரச் சொன்னாள். வண்டி குலுங்காமல் நகர்ந்தது. அவர் சீட்டாடப் போன வியாழக்கிழமைகளில் ஓட்டக் கற்றுக்கொண்டாளாம்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. இறங்கும்போது, ஆய்விலிருந்து விலகுவதாக நானே போன் செய்கிறேன் என்றார்.

"நீ எதுக்குச் சிரமப்படறே? போன வாரமே பேசிட்டேன். மிச்ச மாசத்துக்கு ஓட்டறதுக்கு என் பேரைப் போட்டுக்கிட்டாங்க."